மாதிரிச் சட்டமன்றத்தில் சபாநாயகர் என்னென்ன செய்யணும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க

காரைக்குடி_வாத்தியார்:
பிளஸ் ஒன் பிள்ளைகள் 40 பேரை வைத்து மாதிரிச் சட்டமன்றம் நடத்துகிறோம். இடம், பழைய வீடு ஒன்றின் வளவு (நடு முற்றமும் சுற்றுத் தாழ்வாரமும்). காலை 10 மணிக்குத் தொடங்கி 1 மணிக்கு முடிக்க வேண்டும். முதலமைச்சர் வேஷத்துக்குப் போட்டி பலமாக இருக்கிறது, சபாநாயகர் நாற்காலிக்கு மட்டும் ஆளில்லை. "சும்மா உட்கார்ந்து 'உட்காருங்க, உட்காருங்க'ன்னு சொல்ற வேலைதானே" என்கிறார்கள். அந்த நினைப்பை மாற்றுகிற மாதிரி நிகழ்ச்சியை அமைக்க ஆசை. முதல் நாற்காலியில் யார் உட்கார்வது, ஓட்டை எப்படி எண்ணுவது, சபாநாயகரையே நீக்கத் தீர்மானம் வந்தால் என்ன செய்வது, இரண்டு பேர் கட்சி தாவினால் என்ன ஆகும், இந்த நான்கும் தெளிவானால் போதும். பத்திரிகைத் தலைப்பு மாதிரி இல்லாமல் நடைமுறையாகச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர்_ஆச்சி:
தம்பி, ஆரம்பமே சபாநாயகர் இல்லாத சபையிலிருந்து வரட்டும். பொதுத் தேர்தல் முடிந்ததும் ஆளுநர் ஒரு மூத்த உறுப்பினரைத் தற்காலிக சபாநாயகராக நியமிக்கிறார். அவர் ஆளுநர் முன் உறுதிமொழி எடுத்துவிட்டு வந்து மற்றவர்களுக்கு உறுதிமொழி செய்துவைக்கிறார். 2021 மே 11-இல் கு. பிச்சாண்டி இதைச் செய்தார். மறுநாள் மு. அப்பாவு போட்டியின்றித் தேர்வானார்.

தேர்வு முறை இது. தேர்தலுக்கு முந்தின நாள் பகல் 12 மணிக்குள் பேரவைச் செயலாளரிடம் வேட்புமனு போக வேண்டும். ஒருவர் முன்மொழிய, ஒருவர் வழிமொழிய, வேட்பாளர் சம்மதம் தர வேண்டும். ஒரே மனு என்றால் ஓட்டெடுப்பு கிடையாது, தற்காலிகத் தலைவர் அறிவித்துவிடுவார். உடனே அவை முன்னவரும் (அவையில் ஆளுங்கட்சி அலுவலை முன்னின்று நடத்துபவர்) எதிர்க்கட்சித் தலைவரும் இரண்டு பக்கமும் நின்று புதியவரைக் கூட்டிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். இதைப் பிள்ளைகள் தவற விடுவார்கள், விடவிடாதீர்கள். இனிமேல் இவர் உங்கள் கட்சிக்காரர் மட்டும் இல்லை என்று சபைக்குக் கண்முன்னால் காட்டுகிற சடங்கு அது ஒன்றுதான்.

அடுத்து, அன்றாட அலுவல். நம் பேரவையில் சபாநாயகர் ஒரு குறளும் அதன் பொருளும் சொல்லித்தான் அவை தொடங்கும். இரங்கல் குறிப்பு இருந்தால் அது முதலில், எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். பிறகு கேள்வி நேரம், நேரமில்லா நேரம், கவன ஈர்ப்பு. அதற்கப்புறம்தான் அரசு அலுவல். உங்களுக்கு மூன்று மணி நேரம்தான் இருக்கிறது. கேள்வி நேரத்துக்கு 30 நிமிஷம் கொடுங்கள். ஒரு கேள்விக்கு இரண்டு துணைக் கேள்விக்கு மேல் விடவேண்டாம் என்று சபாநாயகருக்குச் சொல்லிவையுங்கள். துணைக் கேள்வியிலேயே ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடுவார்கள்.

திருமயம்_கோட்டை:
ஆச்சி, குரூப் ஒன் படிக்கிறவன் கேட்கிறேன். கோரம், அதாவது சபை நடக்கக் குறைந்தது இருக்க வேண்டியவர்கள், பத்தில் ஒரு பங்கா, பத்துப் பேரா?

பள்ளத்தூர்_ஆச்சி:
இரண்டில் எது பெரிசோ அது. அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 189. பேரவையில் 234 பேர், பத்தில் ஒரு பங்கு 23.4, ஆகவே 24 பேர். வாத்தியாருடைய 40 பேருக்குப் பத்தில் ஒரு பங்கு 4. 4-ஐவிட 10 பெரிசு, ஆக 10 பேர் இருக்க வேண்டும். காபி இடைவேளை முடிந்து பத்துப் பேர் திரும்பாவிட்டால் சபாநாயகர் அவையை ஒத்திவைக்கலாம், இல்லை வரும்வரை நிறுத்திவைக்கலாம். மணியை இரண்டு நிமிஷம் விடாமல் அடிக்கச் சொல்லுங்கள், ஓடி வந்துவிடுவார்கள்.

தேவகோட்டை_வக்கீல்:
ஓட்டு எண்ணுவதைப் பற்றி நான் சொல்கிறேன். முதலில் குரல் வாக்கெடுப்பு. 'ஆம்' என்பவர்கள் சொல்ல, 'இல்லை' என்பவர்கள் சொல்ல, சபாநாயகர் காதுக்கு எது அதிகமோ அதை அறிவிக்கிறார். யாராவது ஆட்சேபித்து டிவிஷன் கேட்டால் எண்ணிக் கணிக்க வேண்டும். நம் பேரவையில் உட்காருகிற இடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் ஆதரிப்பவர்கள், எதிர்ப்பவர்கள், நடுநிலையாளர்கள் என்று மூன்று தடவை எழுந்து நிற்கச் சொல்வார்கள். 2017 பிப்ரவரி 18-இல் எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை கோரிய அன்று சபையை ஆறு பகுதியாகப் பிரித்து எண்ணினார்கள். ஆதரவு 122, எதிர்ப்பு 11. அதற்கு முன்னால் ரகசிய வாக்கெடுப்புக் கேட்டு ரகளை, இரண்டு தடவை ஒத்திவைப்பு, சபாநாயகர் தனபாலின் சட்டை கிழிந்தது, திமுகவினரை வெளியேற்றினார்கள், காங்கிரஸ் வெளிநடப்பு செய்தது.

வாத்தியாருக்கு வளவில் நாலு பக்கமும் தூண் இருக்கிறது. நாலு தாழ்வாரத்தையும் நாலு பகுதியாக வைத்து, பகுதிக்குப் பத்துப் பேர் உட்கார வையுங்கள். தூணுக்குப் பின்னால் யாரும் உட்காரக் கூடாது. சபாநாயகர் கண்ணில் படாதவனுக்குப் பேச வாய்ப்புக் கிடைக்காது, எண்ணும்போதும் தவறும். எண்ணுகிறவர் சபாநாயகர் இல்லை, செயலாளர். ஒரு பகுதியை எண்ணிச் சத்தமாகச் சொல்லி, எழுதிய பிறகுதான் அடுத்த பகுதிக்குப் போக வேண்டும்.

கண்டனூர்_தறி:
சபாநாயகருக்கு ஓட்டு உண்டா இல்லையா? ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள்.

தேவகோட்டை_வக்கீல்:
சாதாரணமாக முதல் சுற்றில் ஓட்டு இல்லை. இரண்டு பக்கமும் சமமாக வந்தால் மட்டும் முடிவு வாக்கு. அப்போது போட்டே ஆக வேண்டும், விலகி நிற்க வழியில்லை. சட்டத்தில் அது கடமையாகத்தான் எழுதியிருக்கிறது.

வாத்தியார் கவனிக்க: 40 பேரில் ஒருவர் சபாநாயகர் என்றால் ஓட்டுப் போடுவது 39. ஒற்றைப்படை, சமநிலை தானாக வராது. முடிவு வாக்கைக் காட்ட வேண்டுமானால் ஒருவரை நடுநிலையாக நிற்கச் சொல்லுங்கள், 19-க்கு 19 வரும்.

சபாநாயகரை நீக்கும் தீர்மானத்தில் இது தலைகீழ். பிரிவு 181 படி அன்றைக்கு அவர் நாற்காலியில் உட்காரக் கூடாது, துணைத் தலைவர்தான் நடத்துவார். சபாநாயகர் கீழே உறுப்பினர் வரிசையில் உட்கார்ந்து பேசலாம், முதல் சுற்றிலேயே ஓட்டுப் போடலாம். சமநிலை வந்தால் முடிவு வாக்கு மட்டும் அவருக்குக் கிடையாது.

புதுவயல்_ரைஸ்மில்:
நீக்குவதற்கு வந்திருக்கிறவர்களில் பாதிக்கு மேல் இருந்தால் போதும்தானே வக்கீல் சார்? அவர் இருக்கிறது சபையின் தயவில்.

தேவகோட்டை_வக்கீல்:
போதாது அண்ணே. பலர் சறுக்குகிற இடம் இது. பிரிவு 179-இல் இருப்பது, அந்தச் சமயத்தில் சபையில் உள்ள மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை. காலியிடத்தைக் கழிக்கலாம், வராதவர்களைக் கழிக்க முடியாது. 14 நாள் முன்னறிவிப்பும் வேண்டும்.

2017 மார்ச் 23-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தனபாலை நீக்க திமுக தீர்மானம் கொண்டுவந்தது. ஆர்.கே. நகர் காலி, ஆக உறுப்பினர் 233 பேர். நீக்க 117 ஓட்டு வேண்டும். துணைத் தலைவர் பொள்ளாச்சி ஜெயராமன் தலைமை வகித்து எண்ணினார். ஆதரவு 97, எதிர்ப்பு 122, தீர்மானம் தோற்றது. ஒருவேளை ஆளுங்கட்சியில் பாதிப் பேர் வராமல் இருந்து எதிர்ப்பு வெறும் 60 ஆகியிருந்தாலும், 97-ஐ வைத்துக்கொண்டு அவரை நீக்கியிருக்க முடியாது. இதே 97-க்கு 60 என்ற கணக்கு நம்பிக்கை வாக்கெடுப்பில் வந்தால் ஆட்சியே கவிழ்ந்துவிடும். முதலமைச்சரைவிடச் சபாநாயகரை அசைப்பது கடினம்.

உங்கள் 40 பேரில் 21 ஓட்டு. சபாநாயகரும் ஓட்டுப் போடுவதால் 40-ம் கணக்கு.

பள்ளத்தூர்_ஆச்சி:
ஒன்று விட்டுப்போச்சு. 14 நாள் நோட்டீஸ் கொடுத்ததும் விவாதம் வந்துவிடாது. அனுமதி கேட்கும்போது நம் பேரவையில் 35 பேராவது எழுந்து நின்றால்தான் தீர்மானம் எடுத்துக்கொள்ளப்படும். வாத்தியார் அளவுக்கு ஆறு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். 14 நாளைப் பிள்ளைகளுக்குக் காட்ட, இரண்டு வாரம் முன்னாலேயே நிஜமாக ஒரு நோட்டீஸ் எழுதிச் செயலாளர் வேஷக்காரனிடம் கொடுத்துத் தேதி போட்டு வாங்கச் சொல்லுங்கள். அன்றைக்கு அவன் அதை எடுத்து வாசிக்கட்டும்.

திருமயம்_கோட்டை:
தமிழ்நாட்டில் இப்படி நீக்கப்பட்ட சபாநாயகர் யாரும் உண்டா? புத்தகத்தில் பெயர் வரிசைதான் இருக்கிறது. 1937-இல் புலுசு சாம்பமூர்த்தி, 1946-இல் சிவசண்முகம் பிள்ளை, 1967-இல் சி.பா. ஆதித்தனார் என்று மனப்பாடம் செய்கிறேன், உள்ளே என்ன நடந்தது என்று தெரியவில்லை.

பள்ளத்தூர்_ஆச்சி:
கே.ஏ. மதியழகன், 1972. பிள்ளைகளுக்கு நாடகமாகவே போடலாம், அப்படி ஒரு நாள் அது.

எம்.ஜி.ஆர். திமுகவிலிருந்து நீக்கப்பட்ட சமயம். நவம்பர் 13-இல் சபாநாயகர் மதியழகன் தாமாகவே அவையை டிசம்பர் 5 வரை ஒத்திவைத்தார். அரசு என்ன செய்தது? ஒத்திவைக்கத்தான் சபாநாயகருக்கு அதிகாரம். கூட்டத்தொடரை முடித்துவைப்பதும் புதிதாகக் கூட்டுவதும் பிரிவு 174 படி ஆளுநர் கையில், அதாவது அமைச்சரவை ஆலோசனையில். ஆளுநர் தொடரை முடித்துவைத்து டிசம்பர் 2-க்கு மறுபடி கூட்டினார். ஒத்திவைப்பு காற்றில் போச்சு. அன்று சபாநாயகர் நாற்காலியில் இவர் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டுத் துணைத் தலைவர் பெ. சீனிவாசன் உட்கார்ந்து, ஒரே சபையில் இரண்டு கூட்டம் நடந்தது. மதியழகன் எம்.ஜி.ஆரைப் பேச அழைக்க, சீனிவாசன் நீக்கத் தீர்மானத்தை எடுக்க, யார் பேச்சு யாருக்கும் கேட்கவில்லை. தீர்மானம் நிறைவேறி மதியழகன் பதவி இழந்தார். சீனிவாசன் யார் தெரியுமோ? 1967-இல் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்த அதே மாணவர்.

தேவகோட்டை_வக்கீல்:
நீக்கத் தீர்மானம் விவாதத்தில் இருக்கும்போது சபாநாயகர் தலைமை வகிக்கக் கூடாது என்ற 181-ஐ இதைவிட நன்றாக விளக்கிவிட முடியாது. மதியழகன் எழுந்து கீழே போயிருந்தால் இரண்டாவது நாற்காலிக்கே வேலை இருந்திருக்காது.

காரைக்குடி_வாத்தியார்:
அருமை. இரண்டு நாற்காலிக் காட்சி போடுகிறோம். கட்சித் தாவல் பற்றி யாரும் சொல்லவில்லையே?

புதுவயல்_ரைஸ்மில்:
அதில் சொல்ல என்ன இருக்கிறது, சபாநாயகர் ஆளுங்கட்சிக்காரர், தீர்ப்பும் ஆளுங்கட்சித் தீர்ப்பு. நம்ம மானாமதுரையே சாட்சி.

தேவகோட்டை_வக்கீல்:
அண்ணே, அவசரப்படாதீங்க. தீர்ப்பு எந்தப் பக்கம் போகிறது என்பதைவிட, எப்போது வருகிறது என்பதில்தான் நாற்காலியின் பலம் முழுதும் இருக்கிறது. அடித்தளத்திலிருந்து சொல்கிறேன்.

1985-இல் அரசமைப்பின் 52-ஆவது திருத்தம் கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணையைக் கொண்டுவந்தது. இரண்டு காரணத்துக்காகப் பதவி போகும். ஒன்று, தானாகவே கட்சி உறுப்பினர் தகுதியைக் கைவிடுவது. எழுதிக்கொடுத்தால்தான் என்றில்லை, நடத்தையிலிருந்தே ஊகிக்கலாம். இரண்டு, எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி சார்பில் சொல்கிற கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டுப் போடுவது அல்லது போடாமல் இருப்பது. இந்த இரண்டாவதைக் கட்சி 15 நாளுக்குள் மன்னித்துவிட்டால் பதவி தப்பும். முடிவு செய்பவர் சபாநாயகர். 1992-இல் கிஹோட்டோ வழக்கில் உச்ச நீதிமன்றம் 3-க்கு 2 என்று இதை ஏற்றுக்கொண்டது. ஆனால் சபாநாயகர் இந்த வேலையில் ஒரு தீர்ப்பாயம், அவர் முடிவு நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டது என்றும் சொன்னது. ஓட்டை எங்கே? முடிவு வந்த பிறகுதான் நீதிமன்றம் பார்க்கும் என்றார்கள், முடிவே வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கு வழி இல்லை. எத்தனை நாளில் என்று அட்டவணையில் ஒரு வார்த்தை கிடையாது.

இப்போது தேதிகளைப் பாருங்கள். 2017 ஆகஸ்ட் 22-இல் அதிமுக எம்.எல்.ஏ.க்கள் 19 பேர் ஆளுநரிடம் போய் முதலமைச்சர் மேல் நம்பிக்கை இல்லை என்று மனுக் கொடுத்தார்கள். ஆகஸ்ட் 24-இல் கொறடா புகார். ஒருவர் திரும்பி வந்துவிட, செப்டம்பர் 18-இல் மீதி 18 பேரின் பதவி போனது. புகாரிலிருந்து 25 நாள். அதே 2017 பிப்ரவரி 18-இல் ஓ. பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டது எல்லாரும் பார்த்தது. மார்ச்சில் புகார். 2020 பிப்ரவரி 14-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்து, சபாநாயகரே முடிவு செய்யட்டும் என்று விட்டபோதும் முடிவு வரவில்லை. ஒரே நாற்காலி, ஒரே ஆள்.

புதுவயல்_ரைஸ்மில்:
நான் சொன்னதைத்தானே நீங்களும் சொல்கிறீர்கள், கொஞ்சம் நீட்டி.

கண்டனூர்_தறி:
இரண்டும் ஒரே வழக்கு இல்லை வக்கீல் சார். 11 பேர் ஓட்டுப் போட்ட சமயத்தில் எது அதிமுக, யாருடைய கொறடா என்பதே தகராறு. தேர்தல் ஆணையம் 2017 மார்ச்சில் இரட்டை இலையை முடக்கியது. ஆகஸ்ட் 21-இல் எடப்பாடி அணி, பன்னீர்செல்வம் அணி இரண்டும் சேர்ந்துவிட்டன. சேர்ந்த பிறகு பழைய கொறடா உத்தரவை வைத்து யார் மேல் யார் நடவடிக்கை எடுப்பது? 18 பேர் விஷயத்தில் இந்தச் சிக்கல் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2018 ஜூன் 14-இல் தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி சரி என்றார், நீதிபதி சுந்தர் செல்லாது என்றார். மூன்றாவதாக நீதிபதி சத்தியநாராயணன் அக்டோபர் 25-இல் சரி என்று முடித்தார். சபாநாயகர் எடுத்த முடிவு எடுக்கக்கூடிய ஒன்றுதான் என்று நீதிமன்றமே சொன்ன பிறகு, கட்சிக்காரர் தீர்ப்பு என்று ஒரே வரியில் தள்ளுவது நியாயமில்லை.

தேவகோட்டை_வக்கீல்:
வித்தியாசம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அந்த வித்தியாசத்தையே காரணமாக எழுதிப் புகாரைத் தள்ளுபடி செய்திருக்கலாம். தள்ளுபடியும் ஒரு முடிவு, அதை எதிர்த்து நீதிமன்றம் போகலாம். ஒன்றும் எழுதாமல் வைத்திருந்தால் போக இடமில்லை. என் சண்டை அங்கேதான்.

மானாமதுரைக்கு வருகிறேன். 18 பேரில் அந்தத் தொகுதிக்காரரும் ஒருவர். காலியிடத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். இடைத்தேர்தலுக்கு உயர் நீதிமன்றத் தடை, பிறகு மாறுபட்ட தீர்ப்பு, பிறகு மூன்றாவது நீதிபதி. ஓட்டுப் பதிவு 2019 ஏப்ரல் 18, முடிவு மே 23. இருபது மாதம் அந்தத் தொகுதிக்கு எம்.எல்.ஏ. இல்லை. சிவகங்கை மாவட்டத்துக்கு இருப்பதே காரைக்குடி, திருப்பத்தூர், சிவகங்கை, மானாமதுரை என்று நாலு தொகுதி. அதில் ஒன்று.

பள்ளத்தூர்_ஆச்சி:
அதே மண்ணுக்கு ஒரு சபாநாயகரும் உண்டு. 1989-இல் மு. தமிழ்க்குடிமகன் இளையான்குடியில் ஜெயித்துத்தான் அந்த நாற்காலிக்குப் போனார். அந்த ஆண்டு மார்ச் 25-இல், அவையில் தாம் தாக்கப்பட்டதாக ஜெயலலிதா சொன்ன ரகளை, அவர் தலைமையில் இருந்தபோதுதான். இளையான்குடி என்ற தொகுதி இப்போது இல்லை, அந்தத் தாலுகா மானாமதுரைக்குள் போய்விட்டது. தொகுதி மறுவரையறைக்குப் பிறகு பெயரே மறந்துபோச்சு.

திருமயம்_கோட்டை:
கொறடா உத்தரவு மீறினால் அந்தச் சபைக்காலம் முழுதும் தேர்தலில் நிற்க முடியாதா?

தேவகோட்டை_வக்கீல்:
நிற்கலாம். 2019 நவம்பரில் கர்நாடக வழக்கில், பதவியைப் பறிக்கத்தான் சபாநாயகருக்கு அதிகாரம், மீதிக் காலத்துக்கு நிற்கத் தடை போட அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இடைத்தேர்தலில் ஜெயிக்கும்வரை அமைச்சராக முடியாது, அவ்வளவுதான்.

கால எல்லை விஷயத்தில் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2020-இல் மணிப்பூர் வழக்கில், விதிவிலக்கான காரணம் இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்றார்கள். 2025 ஜூலை 31-இல் தெலங்கானா வழக்கில் பத்துப் பேர் மீதான புகாரை மூன்று மாதத்துக்குள் முடிக்கச் சபாநாயகருக்கே உத்தரவு போட்டார்கள். அட்டவணையில் மட்டும் இன்னும் தேதி ஏறவில்லை.

கண்டனூர்_தறி:
தாமதம் சபாநாயகர் கையில் மட்டும் இல்லை, எதிர்க்கட்சி கையிலும் இருக்கிறது. அறந்தாங்கியைப் பாருங்கள், நம் பக்கத்து ஊர்தான். 2019-இல் அறந்தாங்கி, விருத்தாசலம், கள்ளக்குறிச்சி அதிமுக எம்.எல்.ஏ.க்கள் மூன்று பேருக்குச் சபாநாயகர் தகுதி நீக்க நோட்டீஸ் விட்டார். திமுக உடனே சபாநாயகரை நீக்க நோட்டீஸ் கொடுத்தது. 2016 அருணாசலப் பிரதேச வழக்குத் தீர்ப்புப்படி, தன்மேல் நீக்க நோட்டீஸ் நிலுவையில் இருக்கும்போது சபாநாயகர் யாரையும் தகுதி நீக்கம் செய்யக் கூடாது. மே 6-இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. ஜூலையில் திமுக நீக்கத் தீர்மானத்தை வலியுறுத்தவில்லை என்று விட்டுவிட்டது. ஒரு தாள் நோட்டீஸ், நாற்காலியின் கை கட்டப்பட்டது.

தேவகோட்டை_வக்கீல்:
நல்ல இடம். அந்த 2016 தீர்ப்பே இப்போது சந்தேகத்தில் இருக்கிறது. 2023 மகாராஷ்டிர வழக்கில் அதை ஏழு நீதிபதி அமர்வுக்கு அனுப்பிவிட்டார்கள்.

புதுவயல்_ரைஸ்மில்:
சரி, ஆளுங்கட்சி இழுத்தால் ஒரு கயிறு, எதிர்க்கட்சி இழுத்தால் ஒரு கயிறு. பிள்ளைகளுக்கு இதை எப்படிக் காட்டுவது?

பள்ளத்தூர்_ஆச்சி:
அதற்குத்தான் வருகிறேன். தாவுகிற இரண்டு பேரும் காலையில் முதல் டிவிஷனிலேயே தாவட்டும். கொறடா உடனே எழுத்தில் புகார் கொடுக்கட்டும், வாய்ப்புகார் செல்லாது. சபாநாயகரிடம் தனியாகச் சொல்லிவையுங்கள்: ஒரு புகாரை அரைமணி நேரத்தில் விசாரித்து முடிக்க வேண்டும், இன்னொன்றைத் தொடவே கூடாது. தாவினவனிடம் விளக்கம் கேட்க வேண்டும், கேட்காமல் நீக்கினால் இயற்கை நீதி மீறல் என்று அடிபட்டுப்போகும். முடிவை ஒரு தாளில் காரணத்தோடு எழுத வேண்டும். பகல் 12 மணிக்கு முக்கியமான ஓட்டெடுப்பு வையுங்கள். முடிவு எழுதாத புகாரின் ஆள் அதில் ஓட்டுப் போடுவான், அந்த ஒரு ஓட்டில் முடிவு மாற வேண்டும். கணக்கை முன்கூட்டியே அமைத்துக்கொள்ளுங்கள். விவாதம் தானாக வரும்.

காரைக்குடி_வாத்தியார்:
ஆச்சி, கைகொடுங்கள். ரகளை செய்கிறவனை வெளியேற்றுவது சபாநாயகர் தனியாக முடிவு செய்யலாமா? எங்களுக்கு அவைக் காவலர் வேஷத்துக்கு என்.சி.சி. பிள்ளைகள் நாலு பேர் தயார்.

தேவகோட்டை_வக்கீல்:
அன்றைய நாள் முழுக்க வெளியே போ என்று சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு. பல நாள் இடைநீக்கம் என்றால் அவை முன்னவர் தீர்மானம் கொண்டுவந்து சபை நிறைவேற்றுவதுதான் முறை. 2016 ஆகஸ்ட் 17-இல் திமுக உறுப்பினர்கள் 79 பேரை ஒரு வாரம் இடைநீக்கம் செய்தார்கள். அதற்கும் எல்லை இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் 12 பேரை ஓராண்டு நீக்கினார்கள், நடப்புக் கூட்டத்தொடரைத் தாண்டி நீக்க முடியாது என்று 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. என்.சி.சி. பிள்ளைகளிடம் ஒன்று சொல்லுங்கள், கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, இரண்டு பக்கமும் நின்று நடத்திக் கூட்டிப்போனால் போதும். வளவுத் தரை ஆத்தங்குடிக் கல் என்றால் வழுக்கும்.

திருமயம்_கோட்டை:
சபாநாயகர் சம்பளத்தைக் குறைக்க வெட்டுத் தீர்மானம் கொண்டுவரலாமா? போன மாதிரித் தேர்வில் வந்தது.

கண்டனூர்_தறி:
முடியாது. சபாநாயகர், துணைத் தலைவர் சம்பளம் மாநிலத் தொகுப்பு நிதியில் நேரடியாகச் சேரும் செலவு, பிரிவு 202. விவாதிக்கலாம், ஓட்டுக்கு வராது. இன்னொன்றும் கேட்பார்கள்: சபை கலைந்தால் சபாநாயகர் பதவி போகாது, புதிய சபையின் முதல் கூட்டத்துக்குச் சற்று முன்வரை இருப்பார். அவர் ராஜினாமா செய்தால் கடிதம் ஆளுநருக்கு இல்லை, துணைத் தலைவருக்கு. மேலவைக்கும் இதே மாதிரித் தலைவர் இருந்தார். 1986 நவம்பர் 1-இல் மேலவை ஒழிந்தபோது கடைசித் தலைவர் ம.பொ.சி.

காரைக்குடி_வாத்தியார்:
கடைசியாக ஒன்று. பிள்ளைகள் நாலு பேர் நிருபர்களாக இருந்து சுவர்ப் பத்திரிகை எழுதுகிறார்கள். அவைக்குறிப்பிலிருந்து நீக்கிய சொல்லை அவர்கள் எழுதினால்?

பள்ளத்தூர்_ஆச்சி:
எழுதக் கூடாது. நீக்கியதைப் போடுவது உரிமை மீறல் என்று 1958-இல் சர்ச்லைட் பத்திரிகை வழக்கிலேயே உச்ச நீதிமன்றத்தில் முடிவானது. ஆனால் உரிமை மீறல் என்ற சாட்டையை நம் சபாநாயகர்கள் வீசிய விதத்தையும் சொல்லுங்கள். 1987-இல் பி.எச். பாண்டியன் காலத்தில் ஒரு கேலிச் சித்திரத்துக்காக விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறை, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் விடுவித்தார்கள். சபாநாயகருக்கு வானளாவிய அதிகாரம் என்ற பேச்சு அவர் காலத்தில்தான் பிரபலம். 2003 நவம்பர் 7-இல் காளிமுத்து சபாநாயகர். இந்து பத்திரிகைக்காரர்களுக்கும் முரசொலி ஆசிரியருக்கும் 15 நாள் சிறை என்று சபை தீர்மானித்தது, மூன்றே நாளில் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது.

தேவகோட்டை_வக்கீல்:
நடைமுறைக்கு: நீக்குகிறேன் என்று சபாநாயகர் சொன்னால் மட்டும் போதாது, எந்தச் சொல் என்று அதே நிமிஷம் செயலாளரிடம் குறிக்க வேண்டும். பொத்தாம்பொதுவாக "அதை நீக்குங்கள்" என்றால் குறிப்பெழுதுகிறவனும் நிருபனும் ஆளுக்கொரு வரியை அடிப்பார்கள். குறிப்பெழுத இரண்டு பேரைப் போட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், கை ஓய்ந்தால் விட்டுவிடுவார்கள். நீக்கிய சொல்லைக் கிறுக்கி அழிக்க வேண்டாம், சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து ஓரத்தில் நேரம் எழுதினால் போதும். சுவர்ப் பத்திரிகைக்காரர்கள் 1 மணிக்கு அந்தத் தாளைச் செயலாளரிடம் ஒத்துப் பார்த்துவிட்டு ஒட்டட்டும்.

காரைக்குடி_வாத்தியார்:
குறித்துக்கொண்டேன். சபாநாயகருக்கு இப்போது மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், மூன்றும் பெண் பிள்ளைகள். வேட்புமனு வெள்ளிக்கிழமை பகல் 12 மணிக்குள்.